எல்லா வழிகளையும் எண்ணிவிட்டோமா?

வங்கியின் உதவி எண்ணை அழைத்தால் முதலில் ஒரு பதிவுக் குரல்தான் பேசும். தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2, இந்திக்கு 3. மொழியைத் தேர்ந்ததும் அடுத்த பட்டியல்: இருப்பை அறிய 1, தொலைந்த கார்டை முடக்க 2, அதிகாரியுடன் பேச 9. நாம் ஓர் எண்ணை அழுத்திய கணத்திலேயே அழைப்பு அதற்குரிய கிளையில் இறங்கிவிடுகிறது. பட்டியலில் இல்லாத 7ஐ ஒருவர் அழுத்தினால், தவறான தேர்வு என்று சொல்லிவிட்டுக் குரல் மறுபடியும் பட்டியலைப் படிக்கிறது. எதையுமே அழுத்தாமல் இருப்பவருக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் நிரலாக்கத்தின் அடிப்படைப் பாடம் ஒன்று முழுமையாக அடங்கியிருக்கிறது. கேள்வி ஒன்றுதான். அதற்கு வரக்கூடிய விடைகள் பல. ஆனால் அவை முன்கூட்டியே எண்ணிவைக்கப்பட்டவை. எண்ணிய விடைகளுக்கு வெளியே ஏதாவது வந்தால் என்ன செய்வது என்பதும் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் இதற்கு ஸ்விட்ச் என்ற கூற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பதினோராம் வகுப்பு மாணவர்கள் சி++ மொழியில் இதைப் படிக்கிறார்கள். கல்லூரியில் சி மொழியின் வழியாக இது மறுபடியும் வருகிறது. பெரும்பாலும், நீளமான இஃப்-எல்ஸ் ஏணியைச் சுருக்க இது ஒரு வழி என்ற ஒற்றை வரியோடு பாடம் நகர்ந்துவிடுகிறது. ஸ்விட்ச் அதைவிடப் பெரிய ஒன்றைக் கற்றுத்தரக்கூடியது. வரக்கூடிய வழிகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டோமா என்று நிரல் எழுதுகிறவரை அது நிற்கவைத்துக் கேட்கிறது. ஸ்விட்ச்சைக் கவனக்குறைவாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கு, பின்னால் பார்க்கப்போவதுபோல, ஒரு நாடு தழுவிய சாட்சியே இருக்கிறது.

இஃப் எங்கே, ஸ்விட்ச் எங்கே

மொழித் தேர்வை நிரலாக எழுதினால் அதன் வடிவம் இப்படி இருக்கும்:

ஸ்விட்ச் (தேர்வு)
கேஸ் 1: தமிழில் பேசு; பிரேக்;
கேஸ் 2: ஆங்கிலத்தில் பேசு; பிரேக்;
கேஸ் 3: இந்தியில் பேசு; பிரேக்;
டிஃபால்ட்: பட்டியலை மறுபடி படி;

அடைப்புக்குறிக்குள் இருக்கும் மாறியின் மதிப்பு ஒரே ஒருமுறை பார்க்கப்படுகிறது. அது எந்தக் கேஸோடு பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நிரல் தாவுகிறது. எதனோடும் பொருந்தாவிட்டால் டிஃபால்ட் என்ற இடத்துக்குப் போகிறது. பிரேக் என்ற சொல் வந்ததும் ஸ்விட்ச்சை விட்டு வெளியேறுகிறது.

இதையே இஃப் கொண்டும் எழுதலாம்: தேர்வு 1 என்றால் இது, இல்லையெனில் தேர்வு 2 என்றால் அது, இல்லையெனில் தேர்வு 3 என்றால் வேறொன்று. விடை மாறாது. படிப்பவருக்குக் கிடைக்கும் தகவல்தான் மாறுகிறது. இஃப் ஏணியின் ஒவ்வொரு படியிலும் புதிய கேள்வி எதையும் கேட்க முடியும். மூன்றாம் படியில் தேர்வு என்ற மாறியை விட்டுவிட்டு வாடிக்கையாளரின் வயதைக் கேட்கலாம். ஐந்தாம் படியில் மணி என்ன என்று பார்க்கலாம். ஆகவே ஏணியைப் படிக்கிறவர் ஒவ்வொரு படியையும் நின்று படித்தாக வேண்டும். ஸ்விட்ச்சில் கேள்வி முதல் வரியிலேயே தீர்ந்துவிடுகிறது. கீழே இருப்பவை எல்லாம் அந்த ஒரே கேள்விக்கான விடைகள் என்று நம்பிப் படிக்கலாம். பிறர் எழுதிய நிரலைத் திருத்த வேண்டியவருக்கு இது பெரிய நிம்மதி.

எல்லாக் கேள்விக்கும் ஸ்விட்ச் பொருந்தாது. மதிப்பெண்ணைப் பார்த்துத் தரம் இடும் நிரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 90க்கு மேல் என்றால் ஏ, 80க்கு மேல் என்றால் பி என்று போகும் இடத்தில் விடைகள் தனித்தனி எண்களாக இல்லை, அவை வீச்சுகள். மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்து, ஈவை ஸ்விட்ச்சுக்குக் கொடுக்கும் தந்திரம் ஒன்றைப் பல பயிற்சி நூல்களில் காணலாம். 87ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 8. எனவே கேஸ் 8 என்பது பி. 100 எடுத்தவருக்கு ஈவு 10 ஆகிவிடுவதால் அதற்குத் தனியாக ஒரு கேஸ் வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. தேர்ச்சி மதிப்பெண் 35 என்று வைத்தால் இந்தத் தந்திரம் உடைந்துபோகிறது. 34க்கும் 35க்கும் ஈவு 3தான். ஒருவர் தோல்வி, ஒருவர் தேர்ச்சி. ஸ்விட்ச்சால் இருவரையும் பிரிக்க முடியாது. வீச்சுகளைச் சோதிக்க வேண்டிய இடம் இஃப்புக்கு உரியது. அதை அதனிடமே விட்டுவிட வேண்டும்.

ஸ்விட்ச்சுக்கு உரிய இடத்துக்கு, ஒரு மாதத்தில் எத்தனை நாள் என்ற கேள்வி பொருத்தமானது. மாதம் என்பது 1 முதல் 12 வரை உள்ள எண். 4, 6, 9, 11 ஆகிய நான்கு கேஸ்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அவற்றுக்குப் பொதுவாக 30 என்று எழுதலாம். 1, 3, 5, 7, 8, 10, 12 ஆகிய ஏழுக்கும் 31. பிப்ரவரிக்குத் தனிக் கேஸ். அதற்குள் ஓர் இஃப். ஆண்டு 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. 100ஆலும் வகுபட்டால் லீப் ஆண்டு ஆகாது. 400ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப் ஆண்டு. அதனால்தான் 1900க்கு 28 நாளும் 2000க்கு 29 நாளும் வந்தன. வெளியே எண்ணக்கூடிய கேள்வி, அதற்கு ஸ்விட்ச். உள்ளே நிபந்தனைகள் பின்னிய கேள்வி, அதற்கு இஃப். இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்போது நிரல் தெளிவாகிறது.

கம்பைலர் என்ன செய்கிறது

சி மொழியில் கேஸ் என்ற சொல்லுக்குப் பிறகு மாறியை எழுத முடியாது. மாறாத முழு எண்ணோ ஒற்றை எழுத்தோதான் வரலாம். ஒரே எண்ணை இரண்டு கேஸ்களில் எழுதினால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை காட்டுகிறது. தசம எண்களுக்கு இடமே இல்லை. இவை மனப்பாடம் செய்ய வேண்டிய தனித்தனி விதிகளைப் போலத் தோன்றும். கம்பைலர் பின்னணியில் செய்யும் வேலையைப் பார்த்தால் எல்லாம் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும்.

மாத நிரலில் 1 முதல் 12 வரை மதிப்புகள் இடைவெளி இல்லாமல் வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட ஸ்விட்ச்சுக்குக் கம்பைலர் நினைவகத்தில் ஓர் அட்டவணையைத் தயாரித்து வைக்க முடியும். முதல் கட்டத்தில் கேஸ் 1 தொடங்கும் முகவரி, இரண்டாம் கட்டத்தில் கேஸ் 2 தொடங்கும் முகவரி என்று 12 கட்டங்கள். நிரல் ஓடும்போது மாதத்தின் எண் அட்டவணையின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கட்டத்தில் உள்ள முகவரிக்கு நேராகத் தாவினால் போதும். பொருளடக்கத்தில் பக்க எண்ணைப் பார்த்து அந்த அத்தியாயத்தை நேரே திறப்பதைப் போன்றது இது. இஃப் ஏணியில் டிசம்பருக்குப் போக 12 ஒப்பீடுகள் தேவைப்படலாம். தாவல் அட்டவணையில் ஜனவரிக்கும் டிசம்பருக்கும் ஆகும் வேலை ஒன்றே. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இந்த அட்டவணை தயாராக வேண்டும் என்பதால்தான் கேஸ் மதிப்புகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஒன்றை ஒன்று ஒத்திருக்கக் கூடாது, முழு எண்களாக இருக்க வேண்டும்.

மதிப்புகள் சிதறிக் கிடந்தால் கம்பைலர் வேறு வழி பார்க்கும். சென்னைக்கு 600001, மதுரைக்கு 625001, கோயம்புத்தூருக்கு 641001 என்று மூன்று பின்கோடுகள் மட்டும் கேஸ்களாக இருக்கின்றன என்று கொள்வோம். இவற்றுக்கு அட்டவணை போட்டால் 41,001 கட்டங்கள் வேண்டும். அவற்றில் பயன்படுவது மூன்றுதான். அந்த நிலையில் கம்பைலர் மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் இருப்பதோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே போகும் நிரலை உண்டாக்கும். இந்த முறையில் சிதறிக் கிடக்கும் ஆயிரம் கேஸ்களுக்குச் சுமார் பத்து ஒப்பீடுகள் போதும்.

ஜாவா மொழி 2011இல், அதன் 7ஆம் பதிப்பில், சொற்களையும் கேஸ்களாக எழுத அனுமதித்தது. அங்கும் அடிப்படை மாறவில்லை. சொல்லிலிருந்து ஹாஷ் எனப்படும் முழு எண் ஒன்றைக் கணக்கிட்டு, அதன்மேல் ஸ்விட்ச் செய்து, பிறகு சொல்லும் பொருந்துகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறது.

வேகத்துக்காகத்தான் ஸ்விட்ச் எழுத வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இன்றைய கம்பைலர்கள் கெட்டிக்காரர்கள். ஜிசிசி என்ற சி கம்பைலரின் 2021இல் வந்த 11ஆம் பதிப்பு, ஒரே மாறியைச் சோதிக்கும் இஃப் ஏணியைக் கண்டால் அதைத் தானாகவே ஸ்விட்ச்சாக மாற்றிக்கொள்ளும் திறன் பெற்றது. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகிவிடும் இடங்கள் பெருகிவருகின்றன. ஸ்விட்ச்சைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணத்தை நிரலைப் படிக்கும் மனிதரிடம்தான் தேட வேண்டும்.

தாவலிலிருந்து தேர்வுக்கு

ஸ்விட்ச்சின் மூதாதை ஒரு தாவல் கட்டளைதான். ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஐபிஎம் 704 கணினிக்காக 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், வரி எண்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, மாறியின் மதிப்பு 1 என்றால் முதல் வரிக்கு, 2 என்றால் இரண்டாம் வரிக்குப் போ என்று சொல்ல முடிந்தது. ஆல்கால் 60 மொழியில் இதே வேலைக்கு ஸ்விட்ச் என்ற பெயரும் வந்துவிட்டது. அதுவும் தாவ வேண்டிய இடங்களின் பட்டியலாகவே இருந்தது. போன இடத்திலிருந்து திரும்பி வருவது எப்படி என்பது எழுதுகிறவரின் பொறுப்பு. நிரல் நீளமாக நீளமாக, எங்கிருந்து எங்கே தாவுகிறது என்று பின்தொடர்வது கடினமானது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதிய புகழ்பெற்ற கடிதம், கோடூ என்ற தாவல் கட்டளையால் விளையும் இந்தக் குழப்பத்தைத்தான் சாடியது.

அந்தக் கடிதத்துக்கு முன்பே ஒருவர் மாற்று வழியைக் கண்டிருந்தார். அவர் டோனி ஹோர். 1934இல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர். குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைத் தந்தவர். 1980இல் டூரிங் விருது பெற்றவர். அவரும் நிக்லாஸ் விர்த்தும் 1966இல் முன்வைத்த மொழி, பின்னர் ஆல்கால் டபிள்யூ என்று அறியப்பட்டது. அதில் கேஸ் என்ற கட்டமைப்பு இடம்பெற்றது. பட்டியலில் உள்ள கூற்றுகளில் ஒன்றே ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அதன் வேலை முடிந்ததும் நிரல் தானாகவே கட்டமைப்பின் முடிவுக்கு வந்துவிடும். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல். நிரல்மொழிக்குத் தாம் அளித்த முதல் கண்டுபிடிப்பு இதுதான் என்றும், அதைக் குறித்து இன்னும் பெருமைப்படுவதாகவும் 1973இல் ஹோர் எழுதினார். பல கிளைகளில் ஒன்றை மட்டும் எடுப்பது என்ற தெளிவான எண்ணம் அப்படித்தான் நிரல்மொழிக்குள் வந்தது. விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழி, ஒவ்வொரு கிளைக்கும் மதிப்புகளைப் பெயர்ச்சீட்டாக ஒட்டி இதை இன்னும் தெளிவாக்கியது.

இன்று மாணவர்கள் படிக்கும் ஸ்விட்ச் இந்தக் கொடிவழியில் வந்ததல்ல. அது வேறொரு கிளையிலிருந்து வந்தது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியிலிருந்து கென் தாம்ப்சனின் பி மொழிக்கும், அதிலிருந்து டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழிக்கும் அது வந்துசேர்ந்தது. இந்த வழியில் கேஸ் என்பது தாவ வேண்டிய இடத்தைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே. அந்த இடத்துக்குத் தாவியதும் நிரல் கீழ்நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த கேஸ் வந்தாலும் நிற்காது. நிறுத்த வேண்டுமானால் பிரேக் என்று எழுத வேண்டும்.

லூப் எனப்படும் சுழற்சியிலிருந்து வெளியேறவும் சி மொழியில் அதே பிரேக்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை ஏன் என்பதற்கு ரிச்சியே பின்னாளில் விளக்கம் எழுதியிருக்கிறார். பிசிபிஎல் மொழியில் ஸ்விட்ச்சிலிருந்து வெளியேறுவதற்கென்று எண்ட்கேஸ் என்ற தனிச்சொல் உண்டு. தாமும் தாம்ப்சனும் 1960களில் அந்த மொழியைக் கற்றபோது அந்தச் சொல் அதில் இன்னும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அதனால் பி மொழியும் சி மொழியும் தம் போக்கில் பிரேக்கையே இரண்டுக்கும் எடுத்துக்கொண்டன என்கிறார். திட்டமிட்டு எடுத்த முடிவல்ல. வளர்ச்சியின் போக்கில் நேர்ந்தது. அதன் விலையை உலகம் பின்னர் கொடுத்தது.

ஒரு பிரேக், ஒன்பது மணி நேரம்

முதலில் சின்ன விலையைப் பார்ப்போம். மாத நிரலில் பிப்ரவரிக்கான கேஸை முதலில் எழுதி, அதன் கடைசியில் பிரேக் போட மறந்துவிட்டோம் என்று கொள்வோம். அதற்கு அடுத்து 4, 6, 9, 11க்கான பகுதி இருக்கிறது. மாதம் 2 என்று வந்தால் நாள்கள் 28 என்று சரியாகக் குறிக்கப்படும். நிரல் அங்கே நிற்காமல் கீழே இறங்கி, 30 என்று திருத்திவிடும். பிப்ரவரிக்கு 30 நாள். கம்பைலர் எந்தப் பிழையும் சொல்லாமல் போகலாம், ஏனென்றால் சி மொழியின் இலக்கணப்படி இது சரியான நிரல். மற்ற பதினொரு மாதங்களுக்கும் விடை சரியாக வரும். பிப்ரவரியைச் சோதித்துப் பார்க்காதவரை தவறு வெளியே தெரியாது.

வழிந்தோடும் இந்தப் பண்பு எப்போதுமே தீங்கு என்று சொல்ல முடியாது. நான்கு கேஸ்களை அடுக்கிப் பொதுவான ஒரு பதில் எழுத உதவியது இதுவே. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் வேலை செய்த டாம் டஃப், 1983இல் தரவை வேகமாக நகலெடுக்க, சுழற்சி ஒன்றின் நடுவே கேஸ்களைச் செருகி எழுதிய நிரல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் இத்தகைய தேவை எவ்வளவு அடிக்கடி வருகிறது? சன் நிறுவனத்தின் சி கம்பைலரின் முகப்புப் பகுதியை ஆராய்ந்த பீட்டர் வான் டெர் லிண்டன், 1994இல் வெளிவந்த தம் நூலில் கணக்கைத் தந்தார். அதில் 244 ஸ்விட்ச்கள். ஒவ்வொன்றிலும் சராசரியாக 7 கேஸ்கள். அவற்றில் வழிந்தோடுவது உண்மையாகவே தேவைப்பட்டவை 3 சதவீதம்தான். மீதி 97 சதவீத இடங்களிலும் நினைவாகப் பிரேக் எழுத வேண்டியிருந்தது. அரிதாகத் தேவைப்படுவது தானாக நடக்கிறது. எப்போதும் தேவைப்படுவதை மனிதர் நினைவில் வைத்து எழுத வேண்டியிருக்கிறது. பிழைகள் பிறப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம்.

பெரிய விலை 1990 ஜனவரி 15 அன்று வந்தது. அமெரிக்காவின் தொலைதூரத் தொலைபேசிச் சேவையை நடத்திய ஏடி&டி நிறுவனத்துக்கு நாடு முழுவதும் 114 பெரிய எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. அவற்றில் ஓடிய மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் புதிய பதிப்பு எல்லா எக்ஸ்சேஞ்சுகளுக்கும் சில வாரங்களுக்கு முன்புதான் போயிருந்தது. அன்று பிற்பகல் நியூயார்க்கில் ஓர் எக்ஸ்சேஞ்ச் சிறு கோளாறைக் கண்டு, வழக்கம்போலத் தன்னைத்தானே நிறுத்திச் சில நொடிகளில் மறுபடி எழுந்தது. எழுந்ததும் மற்ற எக்ஸ்சேஞ்சுகளுக்கு அழைப்புச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. முதல் செய்தியைப் பெற்ற எக்ஸ்சேஞ்ச், நியூயார்க் திரும்பிவிட்டது என்று தன் பதிவில் குறித்துக்கொள்ளும். அப்படிக் குறித்துக்கொண்டிருக்கும்போதே, நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரண்டாவது செய்தி வந்தால் அதற்கென்று ஒரு கிளை இருந்தது.

அந்தக் கிளை ஸ்விட்ச்சுக்குள் ஒரு கேஸில், அதற்குள் ஓர் இஃப்பில் இருந்தது. அங்கே ஒரு பிரேக் எழுதப்பட்டிருந்தது. இஃப் பகுதியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்பதுதான் எழுதியவரின் எண்ணம். பிரேக்குக்கு இஃப்போடு எந்த உறவும் கிடையாது. அது தன்னைச் சூழ்ந்துள்ள ஸ்விட்ச்சையோ சுழற்சியையோதான் முடிக்கும். ஆகவே அந்தக் கேஸில் செய்ய வேண்டிய மீதி வேலை முழுவதும் தாண்டப்பட்டது. தரவு சிதைந்தது. சிதைந்த தரவைக் கண்ட எக்ஸ்சேஞ்ச், தனக்கும் கோளாறு என்று முடிவு செய்து தன்னை நிறுத்திக்கொண்டு மறுபடி எழுந்தது. எழுந்ததும் தன் அண்டை எக்ஸ்சேஞ்சுகளுக்குச் செய்திகளை அனுப்பியது. அவற்றிலும் இதே நடந்தது. எல்லா இடத்திலும் ஒரே மென்பொருள் என்பதால் தப்பிக்க யாருமில்லை. விழுவதும் எழுவதும் எழுந்து மற்றொன்றை வீழ்த்துவதுமாக, 114 எக்ஸ்சேஞ்சுகளிலும் கோளாறு சுமார் 9 மணி நேரம் அலையடித்தது. கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச்சேரவில்லை. செய்திகளின் எண்ணிக்கையைக் குறைத்து நெருக்கடியைத் தணித்த பிறகே பொறியாளர்களால் வலையமைப்பை நிலைக்குக் கொண்டுவர முடிந்தது.

சி மொழி பிறந்த பெல் ஆய்வகம் அந்த நிறுவனத்தின் ஆய்வகமே. மொழியை உருவாக்கியவர்களின் வீட்டிலேயே அந்த மொழியின் ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. எழுதியவரைக் குறைசொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வேலை செய்தால், கூர்மையான கண்ணும் ஒருநாள் ஏமாறும். சுழற்சிக்குள் ஸ்விட்ச் எழுதி, சுழற்சியையே நிறுத்துவதாக எண்ணிப் பிரேக் போட்டுவிட்டு, நிரல் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று திகைக்கும் மாணவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

டிஃபால்ட் என்ற சோம்பல்

பிரேக்கை விட்டுவிட்டால் விளைவு சில சமயம் உடனே தெரிந்துவிடும். டிஃபால்ட்டைத் தவறாகப் பயன்படுத்தினால் நெடுநாள் தெரியாமலே இருக்கும். ஆகவே இதைக் கூடுதல் கவனத்தோடு கற்க வேண்டும்.

மாத நிரலைச் சுருக்க ஓர் எளிய வழி உண்டு. நான்கு மாதங்களுக்கு 30, பிப்ரவரிக்கு 28 அல்லது 29, மற்றதெல்லாம் டிஃபால்ட், அதாவது 31. ஏழு கேஸ்கள் மிச்சம். நிரல் அழகாகச் சுருங்கிவிடுகிறது. 12 மாதங்களுக்கும் விடை சரி. ஆனால் இப்போது 13ஆம் மாதத்துக்கும் 31 நாள். பூஜ்யமாவது மாதத்துக்கும் 31 நாள். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து 12/25 என்று ஒருவர் கொடுக்க, நம் வழக்கப்படி நாள்/மாதம் என்று நிரல் படித்தால், 25ஆவது மாதம் ஒன்று உண்டாகி அதற்கும் 31 நாள் கிடைக்கும். தவறான தேதி சரியான தேதியாக வேடமிட்டு உள்ளே போய்விடுகிறது. ஏழு கேஸ்களையும் எழுதிவிட்டு, டிஃபால்ட்டில் பிழை என்று அறிவித்திருந்தால் வாசலிலேயே பிடித்திருக்கலாம்.

இன்னொரு விதமான ஆபத்து, நிரல் வளரும்போது வருகிறது. ரயில் டிக்கெட்டின் நிலையைக் காட்டும் நிரல் ஒன்றைக் கற்பனை செய்வோம். கன்ஃபர்ம் என்றால் பெர்த் எண்ணைக் காட்டு. ஆர்ஏசி என்றால் உட்காரும் இடத்தைக் காட்டு. டிஃபால்ட் என்றால் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள் என்று சொல். மூன்று நிலைகள் மட்டும் இருந்த காலத்தில் இது சரி. பிறகு ஒருவர் கேன்சல் என்ற நான்காவது நிலையைச் சேர்க்கிறார். நிரலின் இந்த மூலையை அவர் பார்க்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்த பயணிக்கு, நீங்கள் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள் என்று பதில் போகிறது. யாரும் தவறான வரி எதையும் எழுதவில்லை. எழுதாத வரிதான் தவறு செய்தது.

இதைத் தடுக்கக் கம்பைலரே கைகொடுக்கும். இப்படிப்பட்ட நிலைகளைச் சி, சி++ மொழிகளில் ஈனம் என்ற எண்ணிக்கை வகையாக அறிவிக்கலாம். அதன்மேல் எழுதிய ஸ்விட்ச்சில் ஒரு நிலை விடுபட்டால், எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருக்கும் ஜிசிசி கம்பைலர் அதைப் பெயரோடு சுட்டிக்காட்டும். ஆனால் டிஃபால்ட் எழுதியிருந்தால் அந்த எச்சரிக்கை வராது. மற்ற எல்லாவற்றுக்கும் வழி சொல்லிவிட்டீர்களே என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. எனவே டிஃபால்ட் எழுதுவது எப்போதும் பாதுகாப்பு என்ற பாடம் பாதி உண்மைதான். பயனர் தட்டச்சு செய்யும் எண், கோப்பிலிருந்து வரும் தரவு என வெளியிலிருந்து வரும் மதிப்புக்கு டிஃபால்ட் கட்டாயம் வேண்டும். அது பிழையைச் சொல்ல வேண்டும். நிரலுக்குள்ளேயே நாம் வகுத்த நிலைகளுக்கு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிவிட்டு, டிஃபால்ட்டைத் தவிர்ப்பதே நல்லது. நாளை புதிய நிலை சேரும்போது, இங்கே பார், இங்கே பார் என்று கம்பைலர் எல்லா இடங்களையும் காட்டும்.

மொழிகள் கற்ற பாடம்

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த மொழிகளைப் பார்த்தால், இந்த அனுபவங்கள் வீண்போகவில்லை என்பது தெரியும். மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியில், வேலை எதையாவது செய்த கேஸ் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்ததற்குள் வழிந்தோடினால் அது பிழை. கூகுளில் பிறந்து 2009இல் அறிவிக்கப்பட்ட கோ மொழியில் ஒவ்வொரு கேஸும் தானாகவே முடிந்துவிடும். வழிந்தோட வேண்டுமானால்தான் அதைச் சொல்லி எழுத வேண்டும். ஆப்பிளின் ஸ்விஃப்ட், 2014இல், இன்னும் ஒரு படி மேலே போனது: வரக்கூடிய எல்லா மதிப்புகளுக்கும் வழி சொல்லாத ஸ்விட்ச்சை ஏற்கவே மறுத்தது. 2015இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழியின் மேட்ச் கூற்றும் அப்படித்தான். சியின் வழக்கத்தைச் சுமந்து 1995இல் வந்த ஜாவாவும், 2020இல் வெளியான 14ஆம் பதிப்பில், வழிந்தோடாத புதிய அம்புக்குறி வடிவத்தை நிலையாகச் சேர்த்துக்கொண்டது. பழைய சி நிரல்களுக்காக ஜிசிசி, 2017இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து, வழிந்தோடும் இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கையைத் தருகிறது.

பைத்தானின் கதை தனி. 1991இல் வெளியான அந்த மொழியில் ஸ்விட்ச் கிடையாது. அதை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் 2006இல் தாமே ஒரு முன்மொழிவை எழுதினார். மறு ஆண்டு பைத்தான் மாநாட்டில் கருத்துக் கேட்டபோது போதிய ஆதரவு இல்லாததால் அதைக் கைவிட்டார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான் மேட்ச்-கேஸ் நுழைந்தது. மதிப்பு மட்டுமல்லாமல் தரவின் அமைப்பையும் பார்த்துக் கிளைபிரியும் வல்லமை அதற்கு உண்டு. இத்தனைக்கும் பைத்தான் நிரலை ஓடவைக்கும் மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு சிறு கட்டளைக்கும் ஒரு கேஸ் என்று நீளும் மாபெரும் ஸ்விட்ச் ஒன்று அதன் மையத்தில் பல்லாண்டுகளாக உழைத்துவந்திருக்கிறது.

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்கின்றன. ஃபோர்ட்ரான் காலத்தில், எங்கே தாவ வேண்டும் என்று மட்டும் இயந்திரத்துக்குச் சொன்னோம். ஹோர் அதை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவமாக்கினார். இன்றைய மொழிகள், எல்லாவற்றையும் எண்ணிவிட்டாயா என்று நம்மைத் திருப்பிக் கேட்கின்றன.

அந்தக் கேள்வியை மொழி கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புதிதாகக் கற்கிறவர்கள் ஸ்விட்ச் எழுதும் முன்பு ஒரு தாளை எடுத்து, இந்த மாறியில் என்னென்ன மதிப்புகள் வரலாம் என்று ஒன்றுவிடாமல் எழுதிப் பார்க்கலாம். பட்டியல் எழுத முடியாமல் வீச்சுகளாக விரிந்தால், அந்த இடத்துக்கு இஃப்தான் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். பட்டியல் முடிந்தால் அதன்கீழ் ஒரு கோடு போட்டு, இதற்கு வெளியே ஏதாவது வர வாய்ப்பு உண்டா, வந்தால் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொள்ளலாம். எழுதி முடித்த பிறகு கம்பைலரின் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கி, ஒவ்வொரு கேஸையும் குறைந்தது ஒருமுறை ஓடவிட்டு, பட்டியலில் இல்லாத மதிப்பு ஒன்றையும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்கலாம்.

ஆசிரியர்களும் இந்தப் பாடத்தை நடத்தும்போது விடை சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், டிஃபால்ட்டில் ஏன் இதை எழுதினாய் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்த மாணவர் ஸ்விட்ச்சைப் புரிந்துகொண்டுவிட்டார். மருத்துவமனைக் கருவியோ வங்கிக் கணக்கோ, நாளை அவர் எழுதும் எந்த நிரலிலும், எதிர்பாராத உள்ளீடு ஒன்று வரும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை அவர் முன்பே முடிவு செய்திருப்பார்.